ரோமுக்குக் குடும்பத்தோடு போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

காலையில் கொலோசியம், மதியம் வாடிகன், சாயங்காலம் பாந்தியன், ராத்திரி ட்ரெவி நீரூற்று. ரோம் போகிறவர்களின் திட்டம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. வரைபடத்தில் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் தெரிவதால் வரும் வினை இது. தனியாளாகப் போனால் ஓடி ஓடிப் பார்த்துவிடலாம். கூடவே எட்டு வயதுக் குழந்தையும் முழங்கால் வலி உள்ள பாட்டியும் வந்தால், மதியத்துக்குள் யாராவது ஒருவர் சுருண்டு உட்கார்ந்துவிடுவார்கள். வீட்டில் மெதுவாக நடப்பவர் யாரோ, அவருடைய காலை வைத்துத்தான் ரோமில் ஒரு நாளைத் திட்டமிட வேண்டும். அப்படிப் பார்த்தால் ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம், ஒரு சின்ன இடம் போதும்.

அடுத்த தவறு, "அங்கே போய் டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம்" என்று கிளம்புவது. பழைய ரோமானிய அரங்கமான கொலோசியத்துக்கு நேரம் குறித்த டிக்கெட்தான். உங்களுக்கு வேண்டிய நாள், வேண்டிய நேரம் சீக்கிரமே தீர்ந்துவிடும். அதனால் பயணத் தேதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்பிருந்தே அதிகாரபூர்வ தளத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். 2023 முதல் டிக்கெட்டில் ஒவ்வொருவர் பெயரும் இருக்கிறது. வாசலில் அதை அடையாள ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இனிஷியல் வைத்துப் பழகிய நமக்கு இங்கேதான் சிக்கல் வரும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக இருக்கும், டிக்கெட்டில் ஓர் எழுத்தோடு நின்றிருக்கும். பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடியே நிரப்புங்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கட்டணம் இல்லைதான், ஆனால் அவர்களுக்கும் டிக்கெட் பதிவு செய்தாக வேண்டும். "இலவசம்தானே" என்று பெரியவர்களுக்கு மட்டும் எடுத்துவிட்டுப் போனால், பிள்ளைகளோடு வாசலில் நிற்க வேண்டியிருக்கும்.

அந்த டிக்கெட்டிலேயே பக்கத்தில் உள்ள ரோமன் ஃபோரமும் (பழைய நகர மையத்தின் இடிபாடுகள்) அதை ஒட்டிய பாலடைன் குன்றும் சேர்ந்து வருகின்றன. 24 மணி நேரம் செல்லும் வகையை எடுத்தால், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்க்க வேண்டியதில்லை. முதல் நாள் பிற்பகல் கொலோசியம், மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குள் ஃபோரம் என்று பிரித்துக்கொள்ளலாம். ஃபோரத்தில் நிழல் குறைவு. பழைய ரோமானியச் சாலையின் பெரிய கற்கள் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும். ஜூலை, ஆகஸ்டில் மதிய நேரத்தில் பெரியவர்களை அங்கே அழைத்துப் போகவே போகாதீர்கள். கொலோசியத்தில் லிஃப்ட் உண்டு, தயங்காமல் கேளுங்கள்.

வாடிகனில் பலர் ஏமாறுவது வாசலில்தான். புனித பேதுரு பேராலயத்துக்கு வழி அதன் முன்னால் உள்ள சதுக்கத்திலிருந்து, அருங்காட்சியகத்துக்கு வழி மதிலைச் சுற்றி அந்தப் பக்கம். அருங்காட்சியகத்தின் பத்து மணி டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு சதுக்கத்தில் வரிசையில் நின்றால், உண்மை தெரிந்து மதிலோரமாக ஓட வேண்டும். குழந்தைகளோடு அது கால் மணி நேரத்துக்கு மேலேயே ஆகும். அருங்காட்சியகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள், கூட்டமோ நெரியும். குடும்பத்தோடு போவதற்கு அது நாளல்ல. புதன்கிழமை காலை போப்பாண்டவரின் பொதுச் சந்திப்பு இருந்தால் பேராலயத்தை மதியத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். ஒரு மெல்லிய துப்பட்டா பையில் இருந்தால் சமாளிக்கலாம்.

சிஸ்டைன் தேவாலயம் வருவது அருங்காட்சியகப் பாதையின் கடைசிப் பகுதியில். முன்னால் உள்ள கூடங்களில் ஒவ்வொரு சிலைக்கும் நின்றால், மைக்கேலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை தீட்டிய கூரைக்கு அடியில் வரும்போது பிள்ளைகளுக்குத் தலை நிமிர்த்தவும் தெம்பு இருக்காது. முந்தைய நாளே படத்தைக் காட்டி, கடவுளின் விரலும் ஆதாமின் விரலும் தொடாமல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லிவிடுங்கள். உள்ளே போட்டோ எடுக்கக் கூடாது, பேசவும் கூடாது. அதனால் கதை சொல்வதை வெளியிலேயே முடித்துவிடுங்கள். நடக்க முடியாதவர்களுக்கு அருங்காட்சியகத்தில் சக்கர நாற்காலி கிடைக்கும். பேராலயத்தின் குவிமாடம் வேறு கதை: மொத்தம் 551 படிகள். லிஃப்டில் போனாலும் மீதி 320 படிகளை ஏறித்தான் ஆக வேண்டும், போகப் போகப் பாதை குறுகும். பாட்டி கீழேயே இருக்கட்டும், துணைக்கு ஒருவரும் இருக்கட்டும்.

பாந்தியனை ஐந்து நிமிடத்தில் பார்த்துவிட்டு வெளியே வருவதை நான் பெரிய தவறு என்பேன். ரோமானியர்கள் கோயிலாகக் கட்டிய, கிட்டத்தட்ட 1,900 ஆண்டு பழைய கட்டடம். கம்பி போடாத கான்கிரீட்டால் ஆன குவிமாடம் இன்றும் அப்படியே நிற்கிறது. உச்சியில் உள்ள வட்டத் திறப்பு வழியாக மழை நேராக உள்ளே விழும், தரையில் உள்ள சிறு துளைகள் வழியாக வடிந்துவிடும். அந்தத் துளைகளைத் தேடச் சொன்னால் பிள்ளைகள் லேசில் கிளம்ப மாட்டார்கள். பழைய பயணக் குறிப்புகளை நம்பி இலவசம் என்று போகாதீர்கள், 2023 ஜூலை முதல் கட்டணம் உண்டு.

ஸ்பானியப் படிக்கட்டைப் பார்த்ததும் கால் வலியில் அப்படியே உட்காரத் தோன்றும். 2019 முதல் அங்கே உட்காரத் தடை, அபராதம் போடுவார்கள். ஓய்வுக்கு வேறு இடம் பாருங்கள். தண்ணீருக்குக் காசு செலவழிக்க வேண்டாம், தெருவெங்கும் உள்ள நசோனி குழாய்களில் வருவது நல்ல குடிநீர். வெறும் பாட்டில் ஒன்று போதும். தெருக்களில் பதித்த சின்னச் சின்னக் கற்களில் குழந்தை வண்டியின் சிறு சக்கரம் சிக்கிக்கொள்ளும், புதுச் செருப்பு காலைக் கடிக்கும்.

தெர்மினி ரயில் நிலையத்திலிருந்து வாடிகன் பக்கம் போகும் 64ஆம் எண் பஸ் ஜேப்படிக்குப் பேர்போனது. பாஸ்போர்ட் பின்பாக்கெட்டிலோ முதுகுப் பையிலோ இருக்க வேண்டாம். பஸ்ஸில் ஏறியதும் காகித டிக்கெட்டை இயந்திரத்தில் செருகி முத்திரை பதித்துவிடுங்கள். பதிக்காத டிக்கெட் கையில் இருந்தும் பயனில்லை, பரிசோதகர் வந்தால் அபராதம்தான். பெரியவர்களோடு வரும் பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு டிக்கெட்டே தேவையில்லை.