வீட்டு உணவின் கதையைப் பதிவு செய்வது எப்படி?

ஒருவர் கைப்பக்குவத்தில் மட்டுமே சரியாக வரும் உணவு ஒன்று ஏறத்தாழ எல்லாக் குடும்பங்களிலும் இருக்கும். அதன் செய்முறையைக் கேட்டு எழுதிக்கொள்பவர்கள் உண்டு. அது ஏன் குறிப்பிட்ட நாளில் மட்டும் சமைக்கப்பட்டது, முதலில் யாருக்குப் பரிமாறப்பட்டது, யார் போன பிறகு அந்த வழக்கம் நின்றது என்றெல்லாம் கேட்பவர்கள் குறைவு. யுனெஸ்கோ 2003-இல் ஏற்ற பண்பாட்டு மரபு உடன்படிக்கையின்கீழ், 2010-இல் உணவு மரபுகள் சில பட்டியலில் இடம்பெற்றன. அப்போதும் அங்கீகாரம் பெற்றவை சமையல் குறிப்புகள் அல்ல. கூடி உண்ணும் முறையும், சமையலறிவு ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்ததற்குக் கைமாறும் வழியுமே. குடும்ப அளவிலும் அந்த இரண்டும்தான் முதலில் மறைகின்றன.

ஒரே ஓர் உணவை எடுத்துக்கொள்ளுங்கள். விருந்தில் எல்லாரும் புகழும் உணவாக அது இருக்க வேண்டியதில்லை. 'அம்மா செய்தது இப்படி இல்லை' என்று உடன்பிறந்தவர்கள் வாதாடும் உணவே என் கணக்கில் சிறந்த தேர்வு, ஏனெனில் வாதம் இருக்கும் இடத்தில் நினைவும் இருக்கிறது.

பெரியவரை நாற்காலியில் அமர்த்திப் பேட்டி காண்பதைவிட, அவர் அடுப்படியில் நிற்கும்போது உடன் நின்று கேட்பதே பலன் தரும். பல ஆண்டுகளாகச் செய்து பழகிய வேலையைச் சொல்லால் விளக்கச் சொன்னால் பாதிப் படிகள் விட்டுப்போகும். கை வேலை செய்யும்போது அவை தாமாக வெளிப்படும். மணத்துக்கும் இதில் பங்குண்டு. மற்றப் புலன்களின் செய்திகள் மூளையின் தலாமஸ் என்ற பகுதியின் வழியாகவே மேலே செல்கின்றன. மணமோ அந்த வழியாகச் செல்லாமலேயே உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் பகுதிகளை எட்டிவிடுகிறது. அதனால் பாத்திரத்திலிருந்து மணம் எழும் வேளையில், நீங்கள் கேட்காத கதை ஒன்று வந்து விழலாம். அதற்கு இடம் விடுங்கள்.

அளவுகளில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். 'கண் திட்டமாகப் போடு' என்பவரிடம் கரண்டியைக் கொடுத்து அளக்கச் சொன்னால் அவருடைய கையின் இயல்பு கெட்டுவிடும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு டப்பாவையும் முன்கூட்டியே எடைபோட்டு, எண்ணைக் குறித்து வைத்துவிடுங்கள். அவர் வழக்கம்போல் அள்ளிப் போடட்டும். சமையல் முடிந்ததும் மீண்டும் எடைபோட்டால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே அவருடைய கைப்பிடி. உப்பு டப்பா 412 கிராமிலிருந்து 403 கிராமுக்கு இறங்கியிருந்தால், அவர் போட்டது 9 கிராம். சிட்டிகையளவுப் பொருள்களுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகக் காட்டும் சிறு தராசு தேவைப்படும். 'ஒரு கப்' என்று எழுதி விட்டுவிடாதீர்கள். ஒரு கப் என்பது ஓரிடத்தில் 200 மில்லி லிட்டராகவும் வேறோர் இடத்தில் 250 மில்லி லிட்டராகவும் இருக்கிறது. பதத்தை மட்டும் எண்ணாக மாற்ற வேண்டாம். 'சத்தம் அடங்கியதும் இறக்கு' என்று அவர் சொன்னால் அந்தச் சொற்களையே எழுதி, அருகில் எத்தனை நிமிடம் ஆயிற்று என்று குறியுங்கள்.

கேள்விகளை, 'ஆம்', 'இல்லை' என்று முடிந்துவிடாதபடி அமைப்பது நல்லது. 'இது உங்களுக்குப் பிடிக்குமா?' என்பதைவிட, 'இதை முதன்முதலில் யாருக்காகச் செய்தீர்கள்?' என்பது வெகுதூரம் அழைத்துச் செல்லும். எந்தப் பொருள் கிடைக்காதபோது எதைச் சேர்த்தார்கள், ஊர் மாறிய பிறகு எது மாறியது, யாருடைய நோய்க்காக உப்போ சர்க்கரையோ குறைந்தது என்று கேட்டால் குடும்பத்தின் வரலாறே வந்துவிடும். சமைத்தவர் எப்போது உண்டார், அவருக்கு என்ன மிஞ்சியது என்பதையும் தவறாமல் கேளுங்கள். பாசம் நிறைந்த சமையலறைக் கதைகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இந்தப் பகுதிதான். வறுமையோ மரணமோ பேச்சில் வந்து அவர் மௌனமானால், அடுத்த கேள்வியால் அந்த மௌனத்தை நிரப்பாதீர்கள்.

கைபேசியில் ஒலிப்பதிவு செய்வது போதும். புகைபோக்கி விசிறியின் இரைச்சல் பேச்சை விழுங்கிவிடும் என்பதால் கைபேசியைப் பேசுபவருக்கு அருகில் வையுங்கள். பதிவைத் தொடங்கும் முன் அனுமதி கேளுங்கள்; முடிந்த பிறகு, எதையெல்லாம் உறவினரிடம் பகிரலாம், எது வெளியே போகக் கூடாது என்பதைத் தனியாகக் கேளுங்கள்.

எழுதும்போது, முரண்பட்ட இரண்டு நினைவுகளைக் கலந்து ஒரே கதையாக்கிவிடக் கூடாது. அக்கா சொன்னது அக்காவின் பெயரிலும் தம்பி சொன்னது தம்பியின் பெயரிலும், சொன்ன ஆண்டுடன் தனித்தனியே நிற்கட்டும். வரைவு முடிந்ததும் அதை மட்டும் பார்த்து நீங்களே சமைத்து, பெரியவரை அருகில் அமர்த்திச் சுவைக்கச் சொல்லுங்கள். 'தீயைக் குறை', 'இன்னும் நேரம் ஆகவில்லை' என்று அவர் இடைமறிக்கும் ஒவ்வோர் இடமும் உங்கள் எழுத்தில் விடுபட்ட படி. அந்தத் திருத்தங்களை மூலக் குறிப்பின் ஓரத்திலேயே, தேதியிட்டு, வேறு நிற மையில் எழுதிச் சேருங்கள்.