பாடசாலைச் செய்தியும் பிள்ளையின் மனமும்: வீட்டில் செய்யக்கூடியவை

ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குப் பாடசாலைச் செய்திகள் இப்போது பெரும்பாலும் வகுப்பின் வட்ஸ்அப் குழு ஊடாகவே வந்து சேருகின்றன. இல்ல விளையாட்டுப் போட்டிக்கு என்ன நிற உடை, தவணைப் பரீட்சை எப்போது, வெள்ளம் காரணமாக நாளை பாடசாலை உண்டா இல்லையா என்பதைப் பார்த்து, செய்ய வேண்டியதைச் செய்வதோடு நாம் நின்றுவிடுகிறோம். நமக்கு அது ஓர் அறிவித்தல். பிள்ளையின் மனத்திலோ அதே விடயம் காலையிலிருந்தே ஆசையாகவோ பயமாகவோ இருந்துகொண்டிருக்கும். ஆகவே செய்தி வந்த அன்றே அதைப் பற்றிப் பிள்ளையோடு பேசிவிடுவது நல்லது.

அதற்கு முன் செய்தி யாருடைய கைத்தொலைபேசிக்கு வருகிறது என்பதைப் பாருங்கள். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் தாய் குவைத்திலோ சவூதியிலோ வேலை செய்ய, அம்மம்மாவோ மூத்தம்மாவோ பிள்ளையை வளர்க்கும் வீடுகள் பல உள்ளன. அவ்வாறான வீட்டில் அறிவித்தல் தாய்க்குப் போகிறது. காலையில் பிள்ளையை வெளிக்கிடுத்தி அனுப்புகிறவருக்கு அது தெரியாது. எல்லாரும் நிற உடையில் நிற்கும் நாளில் வெள்ளைச் சீருடையோடு போய் நின்ற பிள்ளை, மறுநாள் “வயிறு நோகுது, பள்ளிக்குப் போகல்ல” என்று சொன்னால் அதற்கு மருந்து தேடிப் பயனில்லை. வகுப்பாசிரியரிடம் வீட்டிலுள்ளவரின் இலக்கத்தையும் கொடுத்து வையுங்கள். அவருக்கு வாசிப்பது சிரமமென்றால், அயல்வீட்டுப் பெற்றோர் ஒருவர் அன்றாடம் வாய்மொழியாகச் சொல்லும்படி ஏற்பாடு செய்யலாம். குவைத், கட்டார், சவூதி நேரம் நமது நேரத்துக்கு இரண்டரை மணித்தியாலம் பிந்தியது என்பதால், இங்கே இரவு 7 மணிக்குப் பிள்ளை பேச வரும்போது அங்கே மாலை 4.30 ஆகத்தான் இருக்கும். தாய் அழைக்கக்கூடிய நேரத்தை அவருடைய வேலைக்கேற்ப முன்கூட்டியே முடிவு செய்து, அதைப் பிள்ளைக்கும் சொல்லி வையுங்கள். எப்போது வரும் என்று தெரியாத அழைப்புக்காகக் காத்திருப்பது சிறு பிள்ளைக்குப் பெரும் வேதனை.

பேசும்போது “இன்டைக்கு என்ன படிச்ச?” என்று தொடங்கினால் “ஒண்டுமில்ல” என்ற பதிலே கிடைக்கும். “இன்டர்வெல்லுக்கு ஆரோட இருந்து சாப்பிட்ட மனே?” என்று கேட்டுப் பாருங்கள். சாப்பாட்டுப் பெட்டியும் பேசும். பிடித்த சாப்பாடு கட்டிக் கொடுத்தும் பெட்டி அடுத்தடுத்த நாட்களில் அப்படியே திரும்பி வந்தால், சேர்ந்து சாப்பிட யாரும் இல்லையோ, யாராவது கேலி செய்கிறார்களோ என்று மெதுவாக விசாரிக்க வேண்டும். சொல்லத் தொடங்கிய பிள்ளையை இடைமறித்து, “நீ என்ன செய்த?” என்று கேட்டுவிடாதீர்கள், அந்தப் பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

தரம் 5 பிள்ளையின் வீட்டில் எல்லாச் செய்தியும் புலமைப்பரிசில் பரீட்சையைச் சுற்றியே வரும். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அந்தப் பரீட்சை வசதி குறைந்த பிள்ளைக்கு உதவிப்பணமும், விரும்பும் பிள்ளைக்கு வேறு பாடசாலையில் இடமும் தருவதற்காக உள்ளது; வெட்டுப்புள்ளியைத் தாண்டாத பிள்ளையும் தரம் 6 இற்குப் போகத்தான் போகிறது. இதைப் பரீட்சைக்கு முன்னரே பிள்ளை உங்கள் வாயால் கேட்க வேண்டும். மாதிரி வினாத்தாளின் புள்ளிகளைக் குழுவில் பகிராதீர்கள். மற்றவர் பகிர்ந்ததைப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டாதீர்கள். பாடசாலை, ரியூசன், வீட்டில் மீண்டும் வினாத்தாள் என்று இரவு பத்து மணி வரை இழுக்கப்படும் பிள்ளைக்கு முதலில் குறைவது நித்திரை. இந்த வயதில் 9 மணித்தியாலமாவது தூங்க வேண்டும். காலை 7.30 பாடசாலைக்கு 5.30 இற்கு எழும்பும் பிள்ளை இரவு 8.30 இற்குப் படுத்துவிட வேண்டும் என்பது எளிய கணக்கு.

மாரி காலம் நம் பக்கத்துக்கே உரிய விடயம். நவம்பர், டிசம்பர் மாதங்களில் மழை கடுமையானால் பாடசாலைகள் மூடப்படும். சில பாடசாலைகள் இடம்பெயர்ந்தவர்கள் தங்கும் இடங்களாக மாறும். “நாளைக்குப் பள்ளி இல்லை” என்று மட்டும் சொல்லாமல், ஏன் இல்லை, தண்ணீர் ஏறினால் நாம் எங்கே போவோம், புத்தகப்பையை எங்கே உயர்த்தி வைப்போம் என்பதையும் சொல்லுங்கள். பையைப் பிள்ளையே பொலித்தீனில் சுற்றிக் கட்டட்டும். கைக்கு வேலை இருக்கும்போது பயம் குறைகிறது. சுனாமி நினைவு நாளான டிசம்பர் 26 பெரும்பாலும் விடுமுறைக்குள் வருவதால், கல்லடியிலோ காரைதீவிலோ விளக்கேற்றுவதைப் பார்த்த பிள்ளையின் கேள்விகள் ஆசிரியரிடம் போகாமல் வீட்டுக்கே வரும். 2004 இல் நடந்ததை உண்மையாக, சுருக்கமாகச் சொல்லுங்கள். உங்களுக்கு அழுகை வந்தால் மறைக்க வேண்டியதில்லை. ஏன் அழுகிறீர்கள் என்று சொல்லிவிட்டால் போதும்.

காலை வயிற்றுநோ, படுக்கையில் சிறுநீர் கழிப்பது நின்றுபோயிருந்து மீண்டும் தொடங்குதல், நண்பர்களை விட்டு ஒதுங்குதல், காரணமின்றிச் சினத்தல் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் வகுப்பாசிரியரைத் தனியாகச் சந்தியுங்கள். குழுவில் எழுத வேண்டாம். பிள்ளையின் விடயம் ஊர் விடயமாகிவிடும். அடுத்த படியாக மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையிலோ வைத்தியரை நாடலாம். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. யாராவது பிள்ளையை அடிக்கிறார்கள், தகாத முறையில் தொடுகிறார்கள் என்ற சந்தேகம் எழுந்தால் இரண்டு வாரம் காத்திராமல் அன்றே 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கு அழையுங்கள், அல்லது பிரதேச செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் நேரில் சொல்லுங்கள்.