சூரியனின் வெப்பநிலையைத் தாளில் கணக்கிடுவது

கொக்குவிலில் என்னிடம் ரியூசனுக்கு வரும் பிள்ளைகளை முதலில் கொல்லன் பட்டறைக்குத்தான் அழைத்துச் செல்வேன். சூடேறச் சூடேற இரும்பின் சிவப்பு மஞ்சளாகும், நிறமே வெப்பமானி.

இனித் தாளை எடுங்கள். சூரிய ஒளி உச்சம் பெறும் அலைநீளம் ஏறத்தாழ 0.5 மைக்ரோமீற்றர். சூடு கூடக் கூட இந்த அலைநீளம் குறையும்; அதைச் சொல்லும் வீனின் விதிப்படி, 2,898 என்ற மாறிலியை அதனால் வகுத்தால் 5,796 கெல்வின். 273 ஐக் கழியுங்கள்: மேற்பரப்பு, சுமார் 5,500 பாகை செல்சியஸ். சூரியனை நேரே பார்க்கவே கூடாது.

மேற்பரப்புக்கு வெளியே சூரியனைச் சூழ்ந்துள்ள மெல்லிய வளிமண்டலமான கொரோனாவுக்கு இந்தக் கணக்குச் செல்லாது. 1869 கிரகணத்தில் அதன் ஒளியைப் பிரித்த நிறமாலையில் ஒரு பச்சைக் கோடு தெரிந்தது. 13 இலத்திரன்களை இழந்த இரும்பின் கோடு அது. இரும்பை அப்படி உரிக்கப் பத்து இலட்சம் பாகைக்கு மேல் வேண்டும். அடுப்பை விட்டு விலக விலகச் சூடு கூடுகிறதே! சொல்லும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். 2019 டிசெம்பர் 26 அன்று யாழ்ப்பாணத்தில் தெரிந்தது கங்கண கிரகணம்; விளிம்பு மறையாததால் கொரோனா தெரியவில்லை.