மறதிநோய் இல்லத்தைப் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

பெரியம்மாவுக்கு டிமென்ஷியா என்று உறுதியானபோது அண்ணன் ஹூஸ்டனில் இருந்தார். "நீ உள்ளூர்லதானே இருக்கே, நாலு இடம் பார்த்துட்டுச் சொல்லு" என்றார். போய்ப் பார்த்தேன். சென்னைப் புறநகரில் ஓர் இல்லம். வாசலில் துளசி மாடம், உள்ளே பளபளக்கும் தரை, சுவர் முழுக்கப் பொங்கல் விழா புகைப்படங்கள். காலை பதினொரு மணி. மேலாளர் காபி கொடுத்து, கையோடு கூட்டிப்போய் ஒவ்வோர் அறையாகக் காட்டினார். "நல்லா இருக்குண்ணா, சேர்த்துடலாம்" என்று அன்று மாலையே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். எட்டு மாதத்தில் பெரியம்மா ஒன்பது கிலோ இளைத்தார்.

நான் பார்த்தது கட்டடத்தை. மறதிநோயாளிக்குக் கட்டடம் தேவைதான். வழுக்காத தரை, கழிவறையில் பிடிமானம், நல்ல வெளிச்சம் எல்லாம் வேண்டும். ஆனால் அவருடைய ஒரு நாள் நல்ல நாளா கெட்ட நாளா என்பதைத் தீர்மானிப்பது, அவரைத் தொட்டுத் தூக்குகிற, ஊட்டுகிற, கழுவிவிடுகிற இரண்டு மூன்று பேர். அவர்களை நான் பார்க்கவே இல்லை.

இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்கும் முன் அரசின் தர ஆணையம் அந்த இல்லத்தைப் பற்றி எழுதிய அறிக்கையை இணையத்தில் படிக்கலாம். 'மிகச் சிறப்பு' முதல் 'போதாது' வரை நாலு தரம் போட்டிருப்பார்கள். இந்தியாவில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருக்கலாம் என்பது 2023இல் வெளியான ஆய்வின் கணக்கு. அவர்களைக் கவனிக்கும் இல்லங்களுக்கு அப்படியொரு பொதுத் தரவரிசை இங்கே இல்லை. பதிவுச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஆனால் அந்தக் காகிதம் இல்லம் பதிவாகியிருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். கூகுள் நட்சத்திரங்களோ அங்கே வாழ்பவர்கள் போட்டவை அல்ல. என்னைப்போல் பதினொரு மணிக்குப் போய்க் காபி குடித்தவர்கள் போட்டவை.

பதினொரு மணிக்குப் போவது

அந்த நேரத்தில் எல்லாரும் குளித்து, தலை சீவி, சிற்றுண்டி முடித்து உட்கார்ந்திருப்பார்கள். எந்த இல்லமும் பதினொரு மணிக்கு நன்றாகத்தான் இருக்கும். மறதிநோயாளிகள் பலருக்குப் பொழுது சாயும்போது பதற்றம் கூடும். 'சன்டவுனிங்' என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். சரியாக அந்த நேரத்தில் பல இல்லங்களில் ஷிப்ட் மாறும். அதனால் மாலை நாலரைக்குப் போய் இரவுச் சாப்பாடு முடியும்வரை இருங்கள்.

ஒரு பாட்டி எழுந்து கதவுப் பக்கம் போவார். "நான் வீட்டுக்குப் போகணும், பசங்க ஸ்கூல்லேர்ந்து வந்துடுவாங்க" என்பார். பசங்களுக்கே இப்போது ஐம்பது வயது இருக்கும். இங்கே பணியாள் என்ன சொல்கிறார் என்று கவனியுங்கள். "இதுதான் உங்க வீடு, போய் உக்காருங்க" என்றால் பாட்டியின் பயம் இரட்டிப்பாகும். "நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றால் ஐந்து நிமிடம் தாங்கும். "எந்த ஸ்கூல் பாட்டி? யாரு நல்லாப் படிப்பா, பெரியவனா சின்னவனா?" என்று கேட்டபடியே கூட நாலு எட்டு நடக்கிற பெண் இருந்தால், அந்த இல்லத்தில் யாரோ ஒருவர் சரியாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம்.

சுற்றிப் பார்ப்பது, உட்கார்ந்து பார்க்காதது

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டாம் கிட்வுட் என்ற உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒரு முறையை உருவாக்கினார்கள். பயிற்சி பெற்ற ஒருவர் பொதுக்கூடத்தில் ஓரமாக உட்கார்ந்துகொள்வார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு முதியவரும் என்ன செய்துகொண்டிருக்கிறார், அவர் மனநிலை எப்படி இருக்கிறது என்று குறித்துக்கொண்டே வருவார். யார் அவரிடம் பேசினார்கள், எப்போது அவரை ஓர் ஆளாகவே மதிக்காமல் நடத்தினார்கள் என்பதெல்லாம் அதில் பதிவாகும். நோயாளியால் வாய் திறந்து சொல்ல முடியாததை அவருடைய நாள் சொல்லும் என்பதுதான் இதன் அடிப்படை.

அந்தப் பயிற்சி நமக்கு இல்லை. ஆனாலும் ஒரு மணி நேரம் உட்காரலாம். ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். கலகலப்பாகப் பேசி எல்லாரையும் சிரிக்கவைக்கும் தாத்தா வேண்டாம். மூலையில் சக்கர நாற்காலியில், யாரும் பார்க்க வராதவர்போல் இருக்கும் ஒருவர். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவரைப் பாருங்கள். பன்னிரண்டு முறை. எத்தனை தடவை ஒருவர் அவர் கண்ணைப் பார்த்துப் பேசினார்? நாற்காலியை நகர்த்தும் முன் சொல்லிவிட்டு நகர்த்தினார்களா, பின்னாலிருந்து வந்து தள்ளிக்கொண்டு போனார்களா? அடிக்கடி வந்து கேள்வி கேட்கும் மகள் உள்ள அம்மாவை எந்த இல்லமும் ஓரளவு கவனிக்கும். யாரும் கேட்காதவரை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் அந்த இடத்தின் உண்மையான தரம். உங்கள் அம்மாவும் வாரத்தின் பெரும்பாலான நேரம் யாரும் கேட்காதவராகத்தான் அங்கே இருக்கப்போகிறார்.

அப்படி உட்காரும்போது சின்னச் சின்னச் சங்கதிகள் கண்ணில் படும். மூக்குக்கண்ணாடி, பல்செட், காதுமெஷின் மூன்றும் உரியவர் முகத்தில் இருக்கின்றனவா, அலமாரியில் தூங்குகின்றனவா? காதுமெஷினில் பேட்டரி இருக்கிறதா? எழுபது வருடம் புடவை கட்டியவருக்கு யாருடைய நைட்டி மாட்டியிருக்கிறது? பராமரிக்க வசதி என்று எல்லாப் பெண்களுக்கும் முடியை ஒட்ட வெட்டியிருக்கிறார்களா? விபூதி இல்லாமல் வெளியே வராதவர் நெற்றி வெறுமையாக இருக்கிறதா? அற்பமாகத் தோன்றலாம். இதையெல்லாம் கவனிக்கிறவர்கள்தான் இரவு இரண்டு மணிக்கு நனைந்த டயப்பரையும் கவனிப்பார்கள்.

டயப்பர் என்றதும் ஒன்று. கழிவறைக்குக் கூட்டிப்போனால் போகக்கூடியவருக்கும் டயப்பர் மாட்டிவிடுவது சில இடங்களில் வழக்கம். "ஒரு நாளைக்கு எத்தனை டயப்பர் மாத்துவீங்க?" என்று கேட்பதைவிட, "யார் யாரைக் கழிவறைக்குக் கூட்டிட்டுப் போறீங்க, எப்பெப்போ?" என்று கேளுங்கள். நேரம் சொல்லி பதில் வந்தால் நல்லது.

அமைதியைப் பார்த்து மகிழ்வது

"எவ்வளவு அமைதியா இருக்கு பாரேன்!" நானும் இதைச் சொன்னவன்தான். முப்பது மறதிநோயாளிகள் இருக்கும் கூடம் இயல்பாக அமைதியாக இருக்காது. ஒருவர் பாடுவார், ஒருவர் திட்டுவார், ஒருவர் துண்டை மடித்துப் பிரித்து மறுபடி மடிப்பார். பகல் மூன்று மணிக்கு எல்லாரும் தலை தொங்கி உட்கார்ந்திருந்தால் மருந்து அட்டவணையைக் கேளுங்கள்.

ரிஸ்பெரிடோன், ஒலான்சபின், க்வெட்டியாபின், ஹாலோபெரிடால் போன்றவை மனநோய்க்கான மருந்துகள். மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு இவை மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இல் புதிய வகை மருந்துகளுக்கும், 2008இல் பழைய வகைகளுக்கும் கடுமையான எச்சரிக்கை வெளியிட்டது. இவற்றை எழுதவே கூடாது என்பதல்ல. அடிக்க வருவது, இல்லாததைக் கண்டு அலறுவது போன்ற நிலைகளில் தேவைப்படலாம். எதற்காக, எப்போதிலிருந்து, எப்போது குறைத்துப் பார்ப்பதாகத் திட்டம் என்று மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். "டாக்டர் எழுதினாரு, கொடுக்குறோம்" என்றால் அது பதில் இல்லை. (நீங்களாக நிறுத்தச் சொல்லாதீர்கள். மருத்துவரிடம் பேசித்தான் குறைக்க வேண்டும்.)

கத்துகிற எல்லாரும் மனம் பிசகிக் கத்துவதில்லை. மலச்சிக்கல், பல்வலி, சிறுநீர்த் தொற்று என்று ஏதோ ஒரு வலி. சொல்லத் தெரியாததால் கத்துகிறார்கள். மூச்சு, முனகல், முகம், உடல், தேற்றினால் தேறுகிறாரா என்ற ஐந்தையும் பார்த்துப் பத்துக்கு மதிப்பெண் போடும் எளிய வலி அளவுகோல் ஒன்று உண்டு. "பேச முடியாதவங்களுக்கு வலி இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று தலைமை நர்ஸிடம் கேட்டுப் பாருங்கள். அளவுகோலின் பெயர் தெரிய வேண்டியதில்லை, முகத்தைப் பார்ப்பேன் என்றாவது சொல்ல வேண்டும்.

"இதுவரை ஒருத்தர்கூட விழுந்ததில்லை"

இதைப் பெருமையாகச் சொல்லும் இல்லத்தைச் சந்தேகப்படுங்கள். நடப்பவர்கள் எப்போதாவது விழுவார்கள். யாருமே விழவில்லை என்றால் யாருமே நடக்கவில்லை என்று பொருளாக இருக்கலாம். நாற்காலியோடு துணியால் கட்டுவது, எழ முடியாதபடி முன்னால் மேசையை நெருக்கி வைப்பது, கட்டிலின் இரு பக்கமும் கம்பி போடுவது, இவை எல்லாமே கட்டிவைப்பதுதான். சில வாரம் நடக்காமல் இருந்தாலே முதியவரின் கால் தசை வற்றிவிடும். அதன்பின் உண்மையிலேயே நடக்க முடியாது. படுக்கைப்புண்ணும் அங்கிருந்துதான் தொடங்கும்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நினைவாற்றலைப் பெரிதும் குலைக்கும் கோளாறையும் மனநோயின் வரையறைக்குள் வைக்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் வரும் நிறுவனங்களில், உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோதுதான், அதுவும் மனநல மருத்துவரின் அனுமதியோடுதான் ஒருவரைக் கட்டலாம். அதைப் பதிவு செய்ய வேண்டும், நோயாளியின் பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். பணியாள் போதவில்லை என்பதற்காகக் கட்டிவைப்பது அதில் சேராது.

கேட்க வேண்டிய கேள்வி: "கடைசியா விழுந்தவர் யாரு, அதுக்கப்புறம் என்ன மாத்தினீங்க?" செருப்பை மாற்றினோம், இரவு விளக்கு போட்டோம், தலைசுற்ற வைக்கும் மாத்திரையைக் குறைத்தோம் என்று பதில் வந்தால் நல்ல இடம்.

மெனுவைப் படிப்பது

திங்கள் இட்லி, செவ்வாய் பொங்கல் என்று சுவரில் ஒட்டியிருந்ததை நான் போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். சமைப்பது வேறு, வயிற்றுக்குள் போவது வேறு. நோய் முற்றும்போது மெல்லவும் விழுங்கவும் நேரம் பிடிக்கும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். ஊட்டுபவர் எதிரே உட்கார்ந்து ஊட்டுகிறாரா, நின்றுகொண்டே வாய்க்குள் தள்ளுகிறாரா? சாதம், சாம்பார், பொரியல் எல்லாவற்றையும் மிக்சியில் ஒன்றாக அடித்துப் பழுப்பாக ஒரு கூழ் கொடுக்கிறார்களா? குழைவாகச் சாப்பிட வேண்டியவருக்கும் பருப்பைத் தனியாக, தயிரைத் தனியாகக் கொடுக்க முடியும்.

எடைப் பதிவேட்டைக் கேளுங்கள். ஒரு மாதத்தில் ஐந்து சதவீதம், ஆறு மாதத்தில் பத்து சதவீதம் எடை குறைந்தால் அது மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம். அறுபது கிலோக்காரருக்கு மாதத்தில் மூன்று கிலோ, ஆறு மாதத்தில் ஆறு கிலோ. பெரியம்மாவின் எடையை அந்த இல்லத்தில் மாதாமாதம் எழுதித்தான் வைத்திருந்தார்கள். எழுதியதை யாரும் படிக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

சிசிடிவி பற்றி ஒரு வார்த்தை. செல்போனில் அம்மாவைப் பார்க்கலாம் என்பது வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பெரிய ஆறுதல். கேமரா குளியலறையில் இருக்காது, இருக்கவும் கூடாது. அவசரமும் அதட்டலும் அதிகம் நடப்பது அங்கேதான்.

பணியாளர் எண்ணிக்கையைக் கேட்பவர்கள் பகல் கணக்கைத்தான் கேட்கிறார்கள். இரவு எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் ஆறு மாதத்துக்கு மேல் இங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அப்புறம் மொழி. இப்போது பல இல்லங்களில் வேலை செய்பவர்கள் வட மாநிலங்களிலிருந்து வந்த பிள்ளைகள். அன்பாகத்தான் இருக்கிறார்கள், ஆனால் பாட்டி சொல்வது புரிவதில்லை. நோய் முற்றும்போது பின்னால் கற்ற மொழி முதலில் நழுவுவது உண்டு. மதுரையில் வாழ்நாள் முழுக்கத் தமிழில் வியாபாரம் செய்த சௌராஷ்டிரப் பெரியவர் கடைசியில் வீட்டுமொழியில் மட்டுமே பேசலாம். தண்ணீர், வலி, கழிவறை என்று பத்துச் சொற்களையாவது எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

"நல்லா பார்த்துக்கறாங்களாம்மா?"

இந்தக் கேள்வியில் இரண்டு பக்கமும் தவறு நடக்கும். சாப்பிட்டு அரை மணி நேரம் ஆகியிருக்கும். "இன்னிக்குச் சோறே போடலை" என்பார். நம்பிச் சண்டைக்குப் போவது ஒரு தவறு. அதைவிடப் பெரிய தவறு, அவர் சொல்லும் எல்லாவற்றையும் "மறந்துட்டுப் பேசறாங்க" என்று ஒதுக்குவது. தப்பு செய்கிற பணியாளுக்கு இதைவிட வசதியான சாக்கு கிடையாது. நடந்தது மறந்தாலும் அந்தப் பயம் உடம்பில் தங்கிவிடும். குறிப்பிட்ட ஓர் ஆள் பக்கத்தில் வந்தால் தோள் சுருங்குகிறதா, கை முகத்தை மறைக்கிறதா என்று பாருங்கள். மேல்கையின் உள்பக்கம் விரல் அளவில் கன்றிய தடம் இருந்தால் மேலாளரிடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். பதில் திருப்தி தராவிட்டால் முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது. மாவட்ட சமூக நல அலுவலகத்திலும் புகார் செய்யலாம்.

பெரியம்மாவை வேறு இடத்துக்கு மாற்றினோம். இந்த முறை சேர்க்கும்போதே ஒரு பக்கத்தில் அவரைப் பற்றி எழுதிக் கொடுத்தேன்: டம்ளர் டவராவில்தான் காபி, இடது காது கேட்காது, தலையில் தண்ணீர் ஊற்றினால் பயப்படுவார், எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் முதல் மார்க். மூன்று வாரம் கழித்து ராத்திரி எட்டு மணிக்குச் சொல்லாமல் போனேன். இரவுப் பணிக்கு வந்திருந்த பெண்ணிடம், "பெரியம்மாகிட்ட எந்தப் பக்கம் நின்னு பேசணும்?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் பெரியம்மாவின் வலது பக்கம் போய்க் குனிந்து, "பதினேழு ஆறு எவ்வளவு பாட்டி?" என்றாள்.

"நூத்திரெண்டு" என்றார் பெரியம்மா.