பட்டினி ஆந்தைக்கு முதலில் சூடு, பிறகு நீர், அப்புறம்தான் இறைச்சி

பறக்கப் பழகும் முன்பே கூட்டைவிட்டுக் கிளைக்கு வருவது பல ஆந்தை இனக் குஞ்சுகளின் இயல்பு. இருட்டியதும் பெற்றோர் இரை கொண்டுவரும்; அந்தக் குஞ்சுகளை எடுக்காதீர்கள். தரையில் துவண்டு கிடப்பதை மட்டும் எடுத்து நெஞ்சைத் தடவிப் பாருங்கள். நடு எலும்பு கத்திமுனைபோலத் துருத்தி, இருபுறமும் சதை குழிந்திருந்தால் பட்டினிதான்.

கம்பிக்கூண்டு வேண்டாம், இறகு முறிந்தால் அடுத்த இறகுதிர்ப்பு வரை அப்படியே இருக்கும். காற்றுத்துளையிட்ட அட்டைப்பெட்டி போதும். இருட்டான, சத்தமில்லாத இடத்தில் வைத்து, பெட்டியின் ஒரு பாதிக்கு மட்டும் 30 டிகிரி வெப்பம் கிடைக்கும்படி செய்யுங்கள்; சூடு மிஞ்சினால் குஞ்சு தானே விலகிக்கொள்ளும்.

அலகில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாய் வாய் நாக்குக்குப் பின்னால், அதன் அடிப்பகுதியில்தான் திறந்திருக்கிறது. ஒரு சொட்டு தவறினாலும் நுரையீரலுக்குப் போய்விடும். மருத்துவ உப்புநீரை (சலைன்) உடல்சூட்டுக்குச் சூடாக்கி, தோலடியில் ஏற்றுவது கால்நடை மருத்துவர் வேலை. ஒரு வேளைக்கு உடல் எடையில் 5 சதவீதம்: 300 கிராம் குஞ்சுக்கு 15 மி.லி.

கெஞ்சுகிறதே என்று உடனே வயிறு நிறைய ஊட்டுவதுதான் பெரிய தவறு. வெகுநாள் பட்டினிக்குப் பின் திடீரென உணவு வந்தால் இரத்தத்திலுள்ள பாஸ்பரஸ், பொட்டாசியம் செல்களுக்குள் பாய்ந்துவிடும், இதயம் நின்றுபோகலாம். நீர் ஏறி, தலை தூக்கிய பிறகே உணவு. தோல், முடி, எலும்பு நீக்கிய எலி இறைச்சியை அதே மருத்துவ உப்புநீரில் நனைத்து, 5 கிராம் அளவில் 3, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுங்கள். எச்சம் ஒழுங்காக வரத்தொடங்கிய பிறகு அளவைக் கூட்டுங்கள். முடியும் எலும்பும் அதற்கும் பின்னால்தான். பலவீனமான குடலில் அவை அடைத்துக்கொள்ளும். தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள்.

பிறகு முழு எலியே உணவு. வெறும் சதையில் கால்சியம் போதாமல் எலும்பு வளையும். வெளியில் பிடித்த எலியில் விஷம் இருக்கலாம். வளர்ப்பு எலியே பாதுகாப்பு.

முகம் மறைத்து, பேசாமல் ஊட்டுங்கள். அதே இனத்து வேறு ஆந்தையோடு வைப்பது இன்னும் நல்லது. மனிதரைத் தன் இனமாக நினைத்துவிட்டால் காட்டுக்கு உதவாது. பல நாடுகளில் காட்டுப்பறவையை வைத்திருக்க அனுமதி தேவை. முதல் நாளே கேளுங்கள்.

பறப்புக்கூண்டில் சத்தமின்றிப் பறந்து, இருட்டில் தானே இரை பிடித்தால் விடலாம். மழையில்லாத நாளின் அந்தி வேளையில், அது கிடைத்த இடத்தருகே பெட்டியைத் திறந்துவையுங்கள். சில வாரம் அதே இடத்தில் இரை வைத்துவாருங்கள். தீண்டப்படாமல் கிடக்கத் தொடங்கியதும் நிறுத்தலாம்.