ஏர் ரைஃபிள் பெல்லட்டை வீட்டிலேயே தரம் பிரித்து, சோதித்து எடுப்பது எப்படி

சுட்டு முடித்த பித்தளைக் கூட்டில் அளந்த வெடிமருந்தும் புதுக் குண்டும் வைத்து வீட்டு மேசையிலேயே மறுபடி தோட்டாவாக அழுத்தி எடுக்கும் வெளிநாட்டு வீடியோக்களைத் துப்பாக்கி சுடுவதில் ஆர்வமுள்ள பலரும் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் அது பெரிய பொழுதுபோக்கு. இங்கே 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம். அந்தப் பக்கமே போக வேண்டாம். ஆனால் அந்த வேலையில் இருக்கும் ஆசை, ஒரு குண்டைப் போலவே அடுத்த குண்டும் இருக்க வேண்டும் என்கிற பிடிவாதம், 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் நமக்கும் உண்டு. இதில் மருந்து கிடையாது, நெருப்பு கிடையாது. பெல்லட் என்கிற 4.5 மி.மீ. ஈயக் குண்டு, காற்று, காகிதம், அவ்வளவுதான்.

எனக்குக் கொழிஞ்சாம்பாறையில் நகைப்பட்டறை. வேலந்தாவளம் செக்போஸ்டைத் தாண்டினால் கோயம்புத்தூர் ரோடு, இந்தப் பக்கம் பாலக்காடு. என் அக்கா மகள் மாவட்டப் போட்டிகளில் சுடுகிறாள். அவளுக்குப் பெல்லட் பிரித்துக் கொடுப்பது என் பொறுப்பு. மில்லிகிராம் கணக்கில் எடை பார்த்தே வளர்ந்த கை என்பதால் இந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

எதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும்? ஏர் ரைஃபிளில் சுடும் இலக்கு அட்டையில் நடுப்புள்ளியின் விட்டம் 0.5 மி.மீ., அதில் பட்டால் 10 புள்ளி. பத்துக்குள்ளும் 10.0, 10.1 என்று 10.9 வரை பிரிவு உண்டு. ஒவ்வொரு 0.1 குறையும்போதும் குண்டு நடுவிலிருந்து 0.25 மி.மீ. தள்ளிப் போயிருக்கும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2024 பாரிஸ் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் 630.7 எடுத்தார். 60 குண்டுக்குச் சராசரி 10.5-க்கு மேல். அப்படியும் கிடைத்தது 10-ஆவது இடம். முதல் 8 பேருக்குத்தான் இறுதிச் சுற்று. அந்த உயரத்தில் குண்டுக்குக் குண்டு மாறுகிற பெல்லட்டை யாரும் பொறுத்துக்கொள்ள முடியாது. மாவட்ட அளவில் சுடும் பிள்ளைக்கும் இது ஒரு வகையில் முக்கியம். 9.8 விழுந்தால் தப்பு தன் கையிலா குண்டிலா என்று அவளுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் சரியாக இருக்கும் கையைத் திருத்தப் போய்விடுவாள்.

முதலில் வேலை செய்யும் இடம். சமையலறை மேடையும் சாப்பிடும் மேசையும் கூடவே கூடாது. ஈயம் வயிற்றுக்குள் போனால் வெளியேற வெகு காலம் பிடிக்கும், சின்னக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். மேசை மேல் பழைய நாளிதழ் விரித்து, வேலை முடிந்ததும் அப்படியே மடித்துப் போட்டுவிடுங்கள். வேலை நடக்கும்போது டீ, வடை, பீடி எதுவும் வேண்டாம். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். நகை வேலைக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: நம் பட்டறை மேசையில் இதைச் செய்யவே செய்யாதீர்கள். துளி ஈயம் தங்கத்தோடு உருகிச் சேர்ந்தாலும் தங்கம் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், கம்பி இழுக்கும்போது பட்டென்று போகும். பெல்லட்டுக்கென்று தனி மேசை, தனிச் சாமணம், தராசுக்குத் தனித் தட்டு வைத்திருக்கிறேன். அந்தச் சாமணத்துக்குச் சிவப்பு நூல் சுற்றி வைத்திருப்பதால் பட்டறைப் பையன் தவறியும் எடுக்க மாட்டான்.

இனி பெல்லட்டைக் கண்ணால் பார்ப்பது. எல்லா வேலையிலும் இதுதான் அதிகப் பலன் தரும், செலவும் இல்லை. போட்டிக்கு உரியது தட்டைத் தலை பெல்லட். காகிதத்தில் வட்டமாக, சுத்தமாக ஓட்டை போடும். தலைக்குக் கீழே ஒடுங்கிய இடுப்பு, அதற்குக் கீழே விரிந்த மெல்லிய பின்விளிம்பு. பேரலுக்குள், அதாவது குழலுக்குள், காற்று கசியாமல் அடைப்பது அந்த விளிம்புதான். ஈயம் மெத்தென்ற உலோகம். டப்பாவில் 500 பெல்லட் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே பஸ்ஸிலும் கூரியரிலும் வந்திருக்கும். விளிம்பு நசுங்கினால் ஒரு பக்கம் காற்று முந்தும், பெல்லட் பேரலை விட்டு வெளியேறும் கணத்திலேயே சாய்ந்துவிடும்.

ஒரு கைப்பிடியை அப்படியே கொட்டாமல், டப்பாவைச் சாய்த்துப் பத்துப் பத்தாக வெள்ளைத் துணியில் இறக்குங்கள். நகைக்காரர் கண்ணில் மாட்டும் லென்ஸ் இருந்தால் நல்லது, பூதக்கண்ணாடியும் போதும். சாமணத்தை இடுப்பில் மட்டும் கொடுங்கள், விளிம்பைப் பிடிக்காதீர்கள். பின்பக்கத்தை வெளிச்சத்துக்கு நேராகக் காட்டினால் நல்ல பெல்லட்டில் விளிம்பு முழு வளையமாக, ஒரே கனத்தில் மின்னும். நசுங்கியதில் ஓரிடத்தில் அந்த வளையம் கோடு போல் இழுத்துத் தட்டையாகி இருக்கும். ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் கண் தானாகவே பிடிக்கும். தலையில் பிசிறு, இடுப்பில் ஒட்டிக்கொண்ட ஈயச் சுருள், விளிம்பில் கீறல் இருந்தாலும் ஒதுக்குங்கள். நசுங்கியதைக் குச்சி வைத்து நிமிர்த்திச் சரிசெய்யும் வித்தை எல்லாம் வேண்டாம். பயிற்சிக்குக்கூடச் சேர்க்காமல் தனி டப்பாவில் போடுங்கள். சந்தேகம் தீர, சமமான கண்ணாடித் துண்டில் மெல்ல உருட்டிப் பாருங்கள். தலையும் பின்விளிம்பும் வேறு வேறு விட்டம் என்பதால் நல்ல பெல்லட்டும் நேராகப் போகாமல் வளைந்துதான் உருளும், ஆனால் வழவழவென்று உருளும். கோணியது தத்தித் தத்திப் போகும்.

அடுத்தது எடை. எனக்குப் பிடித்த பகுதி இதுதான், ஆனாலும் இதில் அளவுக்கு மேல் நம்பிக்கை வைக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். போட்டி ரைஃபிள் பெல்லட் சுமார் 0.53 கிராம். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் பாக்கெட் தராசு 0.01 கிராம் வரைதான் காட்டும். அதில் 0.53 என்று வந்தால் 525 மில்லியாகவும் இருக்கலாம், 534 மில்லியாகவும் இருக்கலாம். பிரிக்க வந்த வித்தியாசம் முழுவதும் அதற்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். 1 மில்லி காட்டும் தராசு இல்லாவிட்டால் எடை பார்க்கவே வேண்டாம், நேரே காகிதச் சோதனைக்குப் போய்விடுங்கள்.

இருந்தால், தராசை அரை மணி நேரம் முன்னாலேயே ஆன் செய்து சூடாக விடுங்கள். மட்டக்குமிழ் நடுவில் நிற்கட்டும். படிக்கல் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், கையால் தொடாமல் சாமணத்தால். ஃபேனை நிறுத்துங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் ஊரில் கதவு இடுக்கு வழியாக நுழைந்தாலே கடைசி எண் ஆடும், ஆடி மாதம் கேட்கவே வேண்டாம். கண்ணாடி மூடி இல்லாத தராசென்றால் சுற்றிலும் அட்டைப்பெட்டி வைத்து மறையுங்கள். பத்துப் பெல்லட்டுக்கு ஒருமுறை சுழியத்துக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் மாத்திரைப் பெட்டியில் அறைக்கு ஒரு எடை எழுதி, 2 மில்லி இடைவெளியில் பிரித்துப் போட்டால் போதும். நல்ல டப்பாவில் பெரும்பாலானவை நடு அறைகளிலேயே குவியும். ஓரத்து அறைகளில் விழுந்தவை பயிற்சிக்கு.

எடை எவ்வளவு வித்தியாசம் செய்யும் என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன். பெல்லட் நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போனால் 10 மீட்டர் கடப்பதற்குள் புவியீர்ப்பில் ஏறக்குறைய 17 மி.மீ. தாழும். எடை 5 மில்லி கூடினால், அதாவது 1 சதவீதம், வேகம் அரை சதவீதம் குறையும், தாழ்வு 1 சதவீதம் கூடும். அது 0.17 மி.மீ. ஒரு 0.1 புள்ளிகூட முழுசாக இல்லை. ஆகவே எடை பார்ப்பது கடைசி மெருகு. முக்கியமானது பெல்லட்டின் தலை உங்கள் பேரலுக்குப் பொருந்துகிறதா என்பது.

டப்பாவில் 4.49, 4.50, 4.51 என்று தலையளவு போட்டிருப்பார்கள். எது உங்கள் பேரலுக்கு என்று கடைக்காரராலும் சொல்ல முடியாது, பயிற்சியாளராலும் சொல்ல முடியாது. ஒரே கம்பெனி, ஒரே மாடல் ரைஃபிள்கள் இரண்டுகூட வேறு வேறு அளவைக் கேட்கும். அதனால் ஒவ்வொரு அளவிலும் ஒரு டப்பா வாங்குங்கள். கிளப்பில் நாலு பேர் சேர்ந்து வாங்கிப் பங்கு போட்டால் செலவு குறையும்.

சோதிக்கும் இடம் எங்களுக்குத் தோட்டத்துத் தேங்காய்க் கொட்டகை. பின்னால் முழுச் சுவர், பக்கத்தில் வாசல் கிடையாது. சுடும்போது யாரும் உள்ளே வர முடியாதபடி தாழ் போட்டுவிடுவோம். அட்டைக்குப் பின்னால் கீழ்நோக்கிச் சாய்த்த இரும்புத் தகடும், விழும் ஈயத்தைப் பிடிக்கப் பெட்டியும் வேண்டும். சுடும் மனிதர், அட்டையை மாற்றப் போகும் மனிதர், இருவரும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருக்க வேண்டும். குழல் எப்போதும் அட்டைப் பக்கம்தான், அட்டை மாற்றும்போது ரைஃபிள் திறந்த நிலையில் கீழே இருக்க வேண்டும். கொட்டகைத் தரையை விளக்குமாற்றால் பெருக்காதீர்கள், ஈயத் தூசி பறக்கும். ஈரத் துணியால் துடையுங்கள்.

காற்றழுத்தச் சிலிண்டர் உள்ள ரைஃபிளைக் கனமான மேசையில் மணல் மூட்டை வைத்தோ, கட்டைப் பகுதியில் ரப்பர் வைத்துக் கிளாம்ப் போட்டோ அசையாமல் நிறுத்துங்கள். பேரலைப் பிடித்து இறுக்கவே கூடாது. ஸ்பிரிங் ரைஃபிளை அப்படிக் கிளாம்ப் போட முடியாது, அது உதைக்கும்போது துள்ள இடம் வேண்டும். அதை உள்ளங்கையில் லேசாகத் தாங்கிச் சுட்டுத்தான் பார்க்க வேண்டும். முதல் 15, 20 குண்டு கணக்கில் சேராது. ஒவ்வொரு முறை வேறு டப்பாவுக்கு மாறும்போதும் இதே போலச் சில குண்டுகளை வீணடியுங்கள், புது ஈயத்துக்குப் பேரல் பழக வேண்டும். பெல்லட்டைக் கட்டைவிரலால் ஒரே அழுத்தத்தில், ஒரே ஆழத்துக்குத் தள்ளுங்கள். சிலிண்டர் அழுத்தத்தை எல்லா டப்பாவுக்கும் ஒரே அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு டப்பாவுக்குப் பத்துக் குண்டு வீதம் மூன்று அட்டை. ஐந்து குண்டு போதும் என்று நிறைய பேர் சொல்வார்கள். ஐந்து குண்டில் சுமாரான பெல்லட்டும் தற்செயலாக ஒரே ஓட்டையில் போய்விடும், பத்தில் அது நடப்பது கஷ்டம். வெர்னியர் அளவுகோலால் ஓட்டைக் கூட்டத்தின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு அளந்து, அதில் 4.5-ஐக் கழித்தால் குண்டுகளின் நடுப்புள்ளிகள் எவ்வளவு சிதறின என்று வரும். மூன்று அட்டையில் மோசமான அட்டையை வைத்தே டப்பாவை மதிப்பிடுங்கள். போட்டியில் வருவது அதுதான்.

போன தடவை அக்கா மகள் 4.49 டப்பா அட்டையைக் கொண்டு வந்து, "மாமா, ஒண்ணு மட்டும்தானுங்க வெளிய போயிருக்கு, மத்ததெல்லாம் ஒரே ஓட்டை" என்றாள். அந்த ஒன்றையும் சேர்த்துத்தான் அளக்கச் சொன்னேன். 4.50-இல் எந்த அட்டையும் அவ்வளவு அழகாக இல்லை, ஆனால் எதிலும் ஒன்று தனியாக ஓடவில்லை. அவளுக்கு அதைத்தான் எடுத்தோம்.

பொருந்தும் டப்பா கிடைத்ததும் அடியிலோ பக்கத்திலோ ஒட்டியிருக்கும் லாட் நம்பரை, அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண்ணை, பாருங்கள். அளவு அதேயாக இருந்தாலும் லாட் மாறினால் அச்சும் தேய்மானமும் மாறியிருக்கும், மறுபடி சோதிக்க வேண்டும். அதனால் அதே நம்பரில் அந்த சீசனுக்குத் தேவையானதை ஒரேயடியாக வாங்கிவிடுங்கள். லாட் நம்பர், தலையளவு, சிதறல் அளவு, சுட்ட தேதி நாலையும் அட்டையின் பின்னால் எழுதி டப்பாவோடு ரப்பர் பேண்டு போட்டு வையுங்கள்.

எங்கள் பக்கம் ஜூன் தொடங்கினால் ஈரம் இறங்க மாதக்கணக்காகும். திறந்து வைத்த பெல்லட்டில் வெள்ளைப் பொடி பூக்கும். அது ஈயத்தின் துரு, விஷம். வாயால் ஊதக் கூடாது. பூத்த பெல்லட்டைத் துடைத்துச் சுடாமல் மூடிய டப்பாவில் ஒதுக்கி, பழைய பேட்டரி ஈயம் எடுக்கும் கடையில் கொடுத்துவிடுங்கள். வீட்டில் உருக்க வேண்டாம். நல்லவற்றை இறுக்கமாக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, பிள்ளைகள் கைக்கு எட்டாத அலமாரியில் பூட்டுங்கள். போட்டிக்குப் போகும் நாளில் 60 குண்டுக்கும், முன்னால் சுடும் சோதனைக் குண்டுகளுக்கும் சேர்த்துக் கொஞ்சம் கூடுதலாக எண்ணி, ஸ்பாஞ்சில் குழி வெட்டிய தட்டில் தலை கீழாக அடுக்கிக் கொடுங்கள். பஸ் எவ்வளவு குலுங்கினாலும் விளிம்பு நசுங்காது.