கடலோரக் கிராமத்தில் இரவைக் கழிக்க வருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இராமேசுவரத்தில் தை, ஆடி, புரட்டாசி அமாவாசைகளை ஒட்டி அறை கிடைப்பது அரிது. மற்ற நாட்களிலும் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் இரவு வெகுநேரம் வரை சந்தடி அடங்குவதில்லை. அதனால் பாம்பன், தங்கச்சிமடம், ஓலைக்குடா போன்ற தீவுக் கிராமங்களிலும், பாம்பன் பாலத்துக்கு இப்பால் மண்டபம், அரியமான் பக்கத்திலும் தங்கி, கூட்டமில்லாத ஓர் இரவைக் கடலோரத்தில் கழிக்க நினைப்பவர்கள் உண்டு. நினைப்பு நல்லதுதான். ஆனால் அவர்களில் பலர் நகரத்து வழக்கப்படி இரவு பத்து மணிக்குக் கடைத்தெருவுக்கு வந்து, அடைத்த கதவுகளையும் நடுரோட்டில் படுத்திருக்கும் நாய்களையும் பார்த்துவிட்டு, "இங்கே ராத்திரியில் ஒன்றுமே இல்லை" என்று சொல்லித் திரும்பிவிடுகிறார்கள்.

முதல் தவறு இந்த நேரக் கணக்குதான். மற்றவற்றுள் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன. மீனவக் கிராமத்தின் இரவு, சேலையைப் போல, தொடக்கமும் முடிவுமான இரு தலைப்புகளில் மட்டுமே விழித்திருக்கிறது. பொழுது சாய்ந்ததிலிருந்து ஒன்பது மணி வரை ஒரு தலைப்பு. விடிவதற்கு மூன்று மணி நேரம் முன்பு தொடங்கி வெளுக்கும் வரை மற்றொன்று. இடையிலுள்ள நேரம் உறக்கத்துக்கு உரியது. பின்னிரவில் கடலுக்குப் போக வேண்டியவர் பதினொரு மணிக்கு உங்களோடு கதை பேசிக்கொண்டிருக்க மாட்டார்.

முன்னிரவுத் தலைப்பில் பார்க்கவும் கேட்கவும் நிறைய உண்டு. பள்ளிவாசலில் மஃரிப் பாங்கும், கிறிஸ்தவ ஆலயத்தின் மாலை மணியும், அம்மன் கோயில் ஒலிபெருக்கியும் சிறிது நேர இடைவெளியில் ஒன்றையொன்று தொடர்ந்து கேட்கும் ஊர்கள் இந்தக் கரையில் பல. தெருவிளக்கின் கீழே, கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, நூல் சுற்றிய ஊசியைக் கிழிந்த கண்ணிக்குள் விட்டு முடிச்சிட்டபடி, நிமிர்ந்து பார்க்காமலே நான்கு பேர் அரசியல் பேசுவார்கள். பக்கத்தில் பரோட்டாக் கடையில் கல் சூடேறியிருக்கும். அங்கே போய் உட்கார்ந்து, ஒரு டீ சொல்லி, "அண்ணே, இன்னைக்குப் பாடு எப்படி?" என்று கேட்டால் போதும், பேச்சு தானாக நடக்கும். கைப்பேசியை முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு கேட்டால் நடக்காது. வலை கிழிந்திருப்பது அவர்களுக்குச் செலவு. அதை அழகான காட்சி என்று ஒருவர் படமெடுத்துக்கொண்டிருப்பதை அவர்கள் பொறுத்துக்கொள்கிறார்களே தவிர, விரும்புகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பின்னிரவுத் தலைப்பைக் காண விரும்புவோர் செய்யும் தவறு, எந்த நாளில் வருகிறோம் என்று பாராமல் வருவது. பாக் நீரிணையில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாட்களும் நாட்டுப்படகுகளுக்கு மற்ற நான்கு நாட்களும் என்று ஓர் ஏற்பாடு நெடுங்காலமாக இருந்து வருகிறது. இராமேசுவரத்தில் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் டோக்கன் வாங்கிக்கொண்டு புறப்பட்டு, மறுநாள் காலையில் கரை சேருகின்றன; மீன் கரையிலேயே ஏலம் போகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் நங்கூரமிட்டு நிற்கும். அப்போது வந்துவிட்டு, "ஏலமே நடக்கவில்லை" என்று குறைபட்டுக்கொள்வதில் பொருளில்லை. கரையில் நின்று இழுக்கும் கரைவலையையும் நாட்டுப்படகுகளையும் நம்பியுள்ள சிற்றூர்களுக்குப் போனால் அந்த இரண்டு மாதங்களிலும் கரையில் வேலை நடப்பதைப் பார்க்கலாம். பௌர்ணமி என்றால் கடற்கரை அழகு என்று நாள் பார்த்து வருகிறவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: நிலவு வெளிச்சத்தில் வலை மீனின் கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்பதால் அந்த இரவுகளில் தொழிலுக்குப் போகிறவர்கள் குறைவு. நிலவு வேண்டுமா, மீன் ஏலம் வேண்டுமா என்று முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது.

ஏலத்தின் நடுவே புகுந்து கூடையிலிருந்து ஒரு விளைமீனைத் தூக்கி, கிலோ என்ன விலை என்று கேட்பது அங்கே எரிச்சலூட்டும் காரியம். ஏலக்காரர் விலையை ஏற்றிக்கொண்டிருக்கும்போது எழும் குறுக்குப் பேச்சு, இரவு முழுதும் கடலில் கிடந்தவரின் கூலியைக் குலைக்கக்கூடும். ஏலம் முடிந்தபின் அக்காமார் ஓரமாகக் கூறு கட்டி விற்பார்கள். பாறையோ ஊளியோ கணவாயோ, வேண்டியதை அவர்களிடம் வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்தது, தனுஷ்கோடியில் இரவைக் கழிக்கலாம் என்ற கனவு. 1964 டிசம்பர் புயலில் ஊரும் ரயிலும் கடலோடு போன அந்த இடத்தின் மீது ஒருவித ஈர்ப்பு இருப்பது இயல்பே. ஆனால் தனுஷ்கோடியைத் தாண்டி, தீவின் கோடியிலுள்ள அரிச்சல்முனைக்குப் போகும் சாலையில் சுற்றுலா வாகனங்களை மாலையோடு நிறுத்திவிடுகிறார்கள். உள்ளே இருப்பவர்களையும் இருட்டுவதற்கு முன் திருப்பி அனுப்புகிறார்கள். தெரிந்தவர் இருக்கிறார், குடிசையில் தங்கிக்கொள்ளலாம் என்று யாராவது ஆசை காட்டினால் ஏற்கக் கூடாது. சோதனைச் சாவடியில் பதில் சொல்ல வேண்டிய நிலை வந்தால் முதலில் மாட்டிக்கொள்வது அந்தக் குடிசைக்காரர்தான்.

காவல் கெடுபிடி தனுஷ்கோடியோடு முடிந்துவிடுவதில்லை. இலங்கை கூப்பிடு தூரத்தில் இருக்கும் கரை இது. கடல் அட்டை, பீடி இலை, மஞ்சள் என்று கடத்தல் செய்திகள் அடிக்கடி வருவதால், மரைன் போலீசாரும் கடலோரக் காவல் படையினரும் இரவில் கரையைக் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள். ஆளில்லாத கரையில் நள்ளிரவில் நடப்பதும், விளையாட்டாகக் கடலை நோக்கி டார்ச் அடித்து அணைப்பதும் விசாரணையில் கொண்டுபோய் விடும். அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து என்னும் கடற்படை விமானத் தளம் இருப்பதால், டிரோன் பறக்கவிடும் எண்ணத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா என்பதால், வனத்துறையின் அனுமதியின்றி அங்கே இறங்குவது குற்றம். "ராத்திரி யாருக்கும் தெரியாமல் கொண்டுபோய் விடுகிறேன்" என்று சொல்லும் படகுக்காரரிடமிருந்து விலகி நிற்பதே சரி.

விளக்கு வெளிச்சத்தால் இன்னொரு கேடும் உண்டு. ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான இரவுகளில் பங்குனி ஆமைகள் முட்டையிட இந்த மணலில் ஏறுகின்றன. தரையில் ஆட்கள் விளக்கோடு நடமாடினால் ஆமை முட்டையிடாமலேயே திரும்பிவிடக்கூடும். பொரித்து வெளிவரும் குஞ்சுகளோ கடலின் மினுக்கத்துக்குப் பதிலாகத் தங்கும் விடுதியின் விளக்கை நோக்கி ஊர்ந்து போகும். கரையோர விடுதிகள் தென்னை மரத்துக்குத் தென்னை மரம் வண்ணச் சீரியல் பல்புகளைக் கட்டித் தொங்கவிடுவதை அழகு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தங்குகிறவர்கள் கேட்டுக்கொண்டால் அணைத்துவிடுவார்கள், கேட்பவர்கள்தான் குறைவு.

இரவில் கடலில் இறங்குவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: இறங்கக் கூடாது. ஆனால் ஏன் என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. உள்ளூரில் வடகடல் என்று சொல்லப்படும் பாக் நீரிணைப் பக்கம் பெண்கடல், அமைதியானது. தென்கடலாகிய மன்னார் வளைகுடா ஆண்கடல், சீற்றமுள்ளது என்ற பேச்சைக் கேட்டுவிட்டு, வடகடலில் எப்போதும் பயமில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அது பெரும்பாலும் சரி. வாடைக்காற்று தொடங்கிவிட்டால் நிலைமை தலைகீழ். வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். அமைதியாக இருக்கும் நாளிலும் ஆழமற்ற தண்ணீரில் திருக்கை மணலோடு மணலாகப் படுத்திருக்கும். சொறி என்னும் ஜெல்லி மீன் மிதந்து வரும். இருட்டில் நங்கூரக் கயிறு காலைத் தட்டிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வருகிறவர்கள் பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்களா என்று விசாரிக்க வேண்டும். பகலில் கூண்டாகத் தெரிவது இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளாகத் தெரியும். அதைக் கடற்கரை அலங்காரம் என்று நினைத்துப் படமெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கரையில் தீமூட்டிச் சுற்றி உட்காருவதையும் பாட்டில்களைத் திறப்பதையும் இரவு வாழ்க்கை என்று கருதி வருகிறவர்கள், அந்த மணல் யாருடையது என்பதை மறந்துவிடுகிறார்கள். படகும் வலையும் டீசல் கேனும் ஓலைக் கொட்டகையும் பத்தடிக்குள் இருக்கும் இடம் அது. கடற்காற்றில் ஒரு பொறி பறந்தால் ஒரு குடும்பத்தின் முதலீடு முழுவதும் நைலான் உருண்டையாகிவிடும். பொது இடத்தில் குடிப்பது எப்படியும் சட்டப்படி குற்றம். உடைந்த பாட்டில், மறுநாள் வெறுங்காலோடு வலை இழுக்க வருபவரின் பாதத்தில்தான் ஏறும். அது மட்டுமன்று. வீட்டில் புழுக்கம் தாங்காமல் அந்த மணலிலேயே பாய் விரித்துப் படுக்கிறவர்கள் உண்டு. பெண்களும் முன்னிரவில் அங்கேதான் உட்கார்ந்து காற்று வாங்குகிறார்கள். ஒரு வீட்டு முற்றத்தில் எப்படி நடந்துகொள்வோமோ அப்படித்தான் அங்கும் நடந்துகொள்ள வேண்டும்.

இவ்வளவு கட்டுப்பாட்டுக்கும் ஈடாக, விடிய விடிய விழித்திருக்கும் சில இரவுகளையும் இந்தக் கரை தருகிறது. அவற்றைத் தவறவிடுவதும் ஒரு தவறே. ரமலான் மாதத்தில் கீழக்கரை, பெரியபட்டினம் தெருக்கள் தராவீஹ் தொழுகைக்குப் பின் களை கட்டும். தங்கச்சிமடத்தை அடுத்த வேர்க்காட்டில் ஜூலை 25-ஐ ஒட்டிப் புனித சந்தியாகப்பர் திருவிழா நடக்கும். முளைப்பாரி எடுக்கும் ஊர்களில் பல இரவுகள் தொடர்ந்து கும்மி நடக்கும். வட்டத்துக்கு வெளியே நின்று பார்ப்பதே முறை, காணொளிக்காக உள்ளே நுழைவது முறையன்று. கோயில் கொடை விழாக்களில் வள்ளி திருமணம் நாடகம் போட்டால் இரவு பத்து மணிக்குமேல்தான் ஆர்மோனியமே கேட்கும். முதலில் பபூன் வந்து சிரிக்க வைப்பார். வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு, நாடகம் இவ்வளவுதான் என்று பன்னிரண்டு மணிக்கு எழுந்து போய்விடுகிறார்கள். நள்ளிரவு கடந்தபின் நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கத்துக்காகத்தான் பெரியவர்கள் போர்வையும் தலையணையுமாக வந்து இடம்பிடித்திருக்கிறார்கள்; பாட்டாலும் பதிலாலும் ஒருவரை ஒருவர் மடக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்த கூட்டம் ஒவ்வொருவராக எழுந்து உட்காரும். செலவு ஊரார் குடும்பத்துக்கு இவ்வளவு என்று கொடுக்கும் தலைக்கட்டு வரியிலிருந்து வருவது என்பதால் முன்வரிசை ஊராருக்கு. நீங்கள் ஒரு பாயோ சாக்கோ கொண்டுபோய்ப் பின்னால் விரித்துக்கொண்டால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பக்கம் உட்காரும் ஊர் என்றால் அதையும் பார்த்து உட்கார வேண்டும்.

சாப்பாட்டில் ஒரே ஒரு தவறு: ஒன்பது மணிக்குமேல் தேடுவது. மீன் குழம்பு மதியமே தீர்ந்திருக்கும்; இரவுக்குப் பரோட்டாவும் சால்னாவும் சில இடங்களில் இடியாப்பமும்தான். வீட்டுச் சமையல் வேண்டுமானால் மாலை நான்கு மணிக்குள் சொல்லி முன்பணம் கொடுத்துவிட வேண்டும்.

கடைசியாகப் போக்குவரத்து. 1988-இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலத்தின் மீது வண்டியை நிறுத்தி, கீழே படகு விளக்குகளையும் பக்கத்தில் 2025-இல் திறந்த புதிய ரயில் தூக்குப் பாலத்தையும் பார்த்துக்கொண்டு நிற்பது இரவில் மிக ஆபத்தானது. பின்னால் வரும் லாரிக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். பாலத்தைக் கடந்து பாம்பன் பக்கம் இறங்கி, கரையிலிருந்து பார்த்தால் அதே காட்சிதான். டவுன் பஸ்ஸை நம்பி இரவில் வெளியே வந்துவிட்டுத் திரும்ப வழியில்லாமல் நிற்பவர்களும் உண்டு. ஏலம் பார்க்க எண்ணினால் ஆட்டோக்காரரிடம் முந்தைய மாலையே பேசி, மூன்று மணிக்கு வர முடியுமா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். அந்த நேரத்தில் அவர்களில் பலர் மீன் கூடை ஏற்றுவதற்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருப்பார்கள்.